பத்தொன்பது புள்ளி ஒன்பது

ஏப்ரலில் வரும் என்றார் கடைக்காரர் ஓஸ்வின்.
ஏப்ரலில் உறைபனிதான் வந்தது.
வின்ஷ்காவ் பள்ளத்தாக்கு முழுக்க
விடிய விடியத் தண்ணீர் தெளித்து
ஆப்பிள் பூக்களைப் பனிக்கட்டிக்குள் வைத்துப் பூட்டினார்கள்,
சாகாமலிருக்க.

ஜூனில் என்றார்.
ஜூனில் வந்தது கெப்ஹார்டின் வண்டி.
கருப்பு. எண்ணூறு வாட்-மணி பேட்டரி. இருபத்து நான்கு கிலோ.
ஏற்றத்தில் யாரோ முதுகில் கைவைத்துத் தள்ளுகிற மாதிரி
போகிறது என்றான்.
இறக்கத்தில் மோட்டாருக்குள் பல் ஆடுகிற சத்தம்.
அதை அவன் சொல்லவில்லை.
நான் கேட்டுவிட்டேன்.

எனக்கு வேலை லாட்ச் ஊர்க் குளிர்கிடங்கில்.
ஒரு டிகிரியில், பிராணவாயுவைக் குறைத்து,
பன்னிரண்டு அறைகளில் ஆப்பிளைத் தூங்கவைக்கிறோம்.
போன அக்டோபரில் பறித்தது
இந்த ஆகஸ்டிலும் கடித்தால் நறுக்கென்கிறது.
காத்திருப்பது எப்படி என்று
எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

ஆனால் பழத்திடம் கைபேசி இல்லை.

என்னிடம் இருந்தது.
பெட்டி லேபிள்களின் பின்பக்கம் மூன்று கட்டம் போட்டேன்.
ஆலிவ் பச்சை: பத்தொன்பது புள்ளி ஒன்பது கிலோ, அறுநூறு வாட்-மணி.
சாம்பல்: நானூறு கிராம் கூடுதல், ஆனால் பேட்டரியைக் கழற்றலாம்.
மூன்றாவது, பெயரைச் சொல்லவே நாக்கு சுளுக்கும்;
முன் ஃபோர்க் நூற்று எழுபது மில்லிமீட்டர் அமுங்கும்,
விலைக்கு ஒரு பழைய ஃபியட்டும் அதற்கு நான்கு டயரும் வாங்கலாம்.
நானூறு கிராமுக்காக மூன்று வாரம் தூங்கவில்லை.
நானூறு கிராம் என்பது இரண்டு ஆப்பிள்.
தினமும் வேலை முடிந்து கோட்டுப் பையில்
அதைவிட அதிகம் கொண்டுபோகிறேன்.

செப்டம்பர், என்றார் ஓஸ்வின்.
மோட்டார் வந்துவிட்டது, பிரேக் லிவர் வரவில்லை.
பருவம் குறித்துப் பிரிந்தவனுக்காகப் பரிந்து பேசுகிற
தோழியின் முகம் அவருக்கு.

அந்த மாதம் ஒரு ஞாயிறு,
மணிக்கட்டில் கட்டோடு கெப்ஹார்ட் வந்து
தன் வண்டியைக் கொடுத்தான்.
ஒப்பிடத்தானே, ஓட்டிப் பார்.
சோனன்பெர்க் சரிவில், ஊரான் வீட்டு நெய்தானே என்று
டர்போவிலேயே வைத்திருந்தேன்.
லார்ச் மரங்களுக்குச் சற்றுக் கீழே
திரையில் மூன்று சதவீதம்.
அப்புறம் திரையே இல்லை.
மிச்ச மலையைத் தள்ளினேன்.
இருபத்து நான்கு கிலோ, பிறகு முப்பது,
பிறகு அறுபது.
அன்றிரவு நான்காவது கட்டம் போட்டேன்: தள்ளும்போது.
மூன்று வண்டிக்கும் அதில் என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

நவம்பர் பதினாலு. ஆலிவ் பச்சை வந்தது,
கூடவே முதல் பனியும்.
ஓஸ்வின் பெடல் பூட்டினார், காற்றடித்தார்,
குற்றம் செய்தவர்போல ஒரு தண்ணீர்க் குடுவையை
இலவசமாக நீட்டினார்.

நேரே கிடங்குக்கு உருட்டிப்போய்
பெட்டி நிறுக்கும் தராசில் ஏற்றினேன்.
இருபத்தொன்று புள்ளி இரண்டு.
இறக்கித் துடைத்து மறுபடி ஏற்றினேன்.
இருபத்தொன்று புள்ளி இரண்டு.
எட்டு மாதம் நான் காத்திருந்தது
அந்த ஆறேழு ஆப்பிள்
இல்லாமல் இருப்பதற்காக.

இரவுக் காவலர் வென்டலின் காபிக்குப் போனதும்
ஏறி உட்கார்ந்தேன்.
நூற்றுப்பத்து மீட்டர் கான்கிரீட் நடைபாதை.
பூட்டிய பன்னிரண்டு கதவுகளைக் கடந்து
போனேன், திரும்பினேன், போனேன்.
சத்தமே இல்லை. பல் ஆடவில்லை.
திரும்பும் முனையில் கோப்பையோடு வென்டலின்.
"பிரேக் எப்படி?" என்று மட்டும் கேட்டார்.

வீடு வந்ததும் கெப்ஹார்டின் செய்தி:
அடுத்த வருடத்து மாடல், படத்தோடு.
பதினெட்டு புள்ளி ஒன்பதாம்.
பெடல் இல்லாமல் நிறுத்திருப்பார்கள், என்று பதில் எழுதினேன்.
பிறகு விளக்கை அணைத்துவிட்டு
படத்தை இரண்டு விரலால்
பெரிதாக்கினேன்.