ஐஸ் அறையில் ஒரு சோதனை

தவேந்தினி தானே கட்டிய விமானத்துக்கு
வாழைச்சேனையில் இருந்து சூடு செய்கிறேன்.
"எட்மன்டனுக்கு மேலே கால்விரல் என்னுடையதில்லை அண்ணா" என்றாள்.

புகைக்குழாயைச் சுற்றித் தகர உறை.
குளிர்காற்று நுழைய ஒரு வாய்,
காலடிக்குப் போக இன்னொன்று.
புகை கலந்தால் தூக்கம், மறுகா விழிப்பில்லை.
வெல்டிங் ஒட்டுகளைச் சவர்க்கார நுரையால்
மூன்று தரம் பார்த்தேன்.

ஆனால் இந்த வெயிலில் சூட்டை எப்படி அளப்பேன்?
பட்டறையே அடுப்பு.

துறைமுகத்து ஐஸ் அறையைத் திறந்துவிட்டார் சின்னலெவ்வை:
"மீனுக்கா குளிருது?"
வெளியே ஊதுவிளக்கு. உள்ளே, பாரைகளுக்கு நடுவே,
செருப்பில்லாமல் நான்.
மேசை விசிறிதான் விமானத்தின் வேகம்.

இடது காலுக்கு வந்தது.
வலதுக்கு வரவேயில்லை.
குழாயைத் திருப்பியும் இல்லை.
குனிந்து பார்த்தேன்: கதவிடுக்கு.

இரவு அவளுக்கு எழுதினேன்:
தகரம் கப்பலில் வருகுது புள்ள.
முதலில் உன் வலப்பக்கக் கதவிடுக்கில்
கையை வைத்துப் பார்.