ஆறு எண்ணும்வரை

எமில்தாசின் பழைய இரும்புக் கடையில்
பீப்பாய்க்கு விலை கிடையாது,
நிறைக்குத்தான் விலை.
பதினேழு கிலோ என்றான்.
அடியில் உறைந்த தார் மட்டும் ரெண்டு கிலோ வரும்,
அதைக் கழி என்றேன்.
கழிக்கவில்லை.
மூடிப்போன பேக்கரியொன்றின் கம்பித்தட்டைச்
சும்மா தூக்கிப் போட்டான்.

சைக்கிள் கரியரில் கட்டி
ஒட்டுசுட்டானிலிருந்து கற்சிலைமடு மட்டும்
வீதி நெடுகப் பறையடித்துக்கொண்டு வந்தது பீப்பாய்.
சாவீடோ என்று கேட்டார் சந்தியில் ஒருவர்.
இல்லை, சாப்பாடு என்றேன்.

முதல் நாள் வெறும் பீப்பாயை எரித்தேன்.
தார் போகவேண்டும், பெயின்ற் போகவேண்டும்.
இந்த ஊரில் கறுப்புப் புகை எழும்பினால்
எல்லோரும் வெளியே வந்து பார்ப்பதில்லை.
சிலர் உள்ளே போவார்கள்.
பக்கத்து வளவுப் பவளராணி அக்கா
மகளைக் கூப்பிட்டாள், ஆட்டை அவிழ்த்தாள்,
கொடியில் காய்ந்த உடுப்பை விட்டுவிட்டுக்
கதவைச் சாத்தினாள்.
தார் அக்கா, தார்தான் என்று
வேலிக்கு மேலால் கத்தினேன்.
கதவு திறக்கவில்லை.

மறுநாள் மோட்டார் சைக்கிளில் ஒருவர் வந்தார்.
பெயர் கேட்டார். பீப்பாயைச் சுற்றி நடந்தார்.
இறைச்சி வாட்ட என்றேன்.
பெரிய றவோ சின்ன ரவோ என்று கேட்டு
எழுதிக்கொண்டு போனார்.

ஏழு ஓட்டைகள்.
விலை பேசும்போது எமில்தாசும் சொல்லவில்லை,
நானும் கேட்கவில்லை.
காற்றுக்கு ரெண்டு போதும்.
மிச்சம் ஐந்தையும் புற்றுமண் பிசைந்து அடைத்தேன்.
சூடேறியதும் வெடித்து
ஒவ்வொன்றாய் விழுந்தது மண்.

முதற்கோழி கசந்தது. விறகு பச்சை.
நாய் மணந்து பார்த்தது,
பிறகு என்னைப் பார்த்தது.

பாலைவிறகு தணலுக்கு.
காய்ந்த விளாத்திக் கட்டை புகைக்கு,
அதுவும் ஒரு நேரத்தில் ஒன்றுதான்.
வெப்பமானி இல்லை.
கம்பிக்கு மேலே உள்ளங்கையை விரித்து எண்ணுவேன்.
மூன்றில் கை தானாக இழுத்தால்
கொள்ளியை வெளியே எடு.
பத்துவரை தாங்கினால்
தணல் செத்துக்கொண்டிருக்கிறது.
ஆறு. ஆறுதான் கணக்கு.

மூன்றாம் ஞாயிறு, சங்கக்கடை பூட்டு,
எனக்கு லீவு.
மாங்குளத்தில் வாங்கிய பன்றி விலா,
உப்பு, மிளகு, பழப்புளி,
சாராயப் போத்தலில் வந்த தேன்.
நாலு மணித்தியாலம் போயிருக்கும்,
இடி முழக்கம் ஒன்றுமில்லாமல்
ஐப்பசி மழை அப்படியே கொட்டியது.

கூரைத்தகரம் ஒன்றை இழுத்துப் பிடித்தேன்.
ஒரு ஆள் பிடிக்கிற நீளமில்லை அது;
நடுவில் வளைந்து
தண்ணீரை நேரே பீப்பாய்க்குள்தான் ஊற்றியது.
பிறகு வளையவில்லை.
மற்ற முனையில்
உரப்பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு
பவளராணி அக்கா.

கதைக்கவில்லை.
முழங்கை நடுங்க நடுங்கப் பிடித்துக்கொண்டு நின்றோம்.
புகை எங்கள் ரெண்டு பேர் கண்ணுக்கும்
சமனாகத்தான் வந்தது.
ஒற்றைக் கையால் மூடியை நகர்த்தி
உள்ளே கையை நீட்டினாள்.
நான் எண்ணினேன், வாய்க்குள்.
ஆறு. எட்டு. பதினொன்று.
நூந்துபோச்சுதக்கா என்றேன்.
இல்லை, கிடக்கு என்றாள்.
சூளையில் கல் அடுக்குகிற கை.
பிறகு ஓட்டைகளைப் பார்த்தாள்.
உமி போடாமல் மண் பிசைஞ்சனியோ?

இருட்டிய பிறகு பாணோடு சாப்பிட்டோம்.
வெளியே கரி, எலும்போடு இளஞ்சிவப்பு.
வெந்ததா இல்லையா என்று
டோர்ச் அடித்துப் பார்த்து, விவாதித்து,
அதற்குள் பாதி முடிந்திருந்தது.
கருகின முனைகளெல்லாம் தனக்கென்றாள்
அவள் மகள் அபிசாலினி, எட்டு வயது.

விரலை நக்கிக்கொண்டே போய்
பீப்பாயின் ஓட்டையொன்றுக்குள் விட்டுப் பார்த்தாள்.
அம்மா, இது ஏன் உள்ளுக்கு மடிஞ்சு கிடக்கு?

கையை எடு, என்றாள் பவளராணி அக்கா,
சுடும்.

பீப்பாய்
எப்போதோ ஆறியிருந்தது.