மிஸ் எலி

காலை ஏழேகால். பட்டர்வொர்த் படகுத்துறை.
ரம்லி லாஞ்சைக் கிளப்புகிறான்.
என் பையில் டார்ச், வெப்பமானி,
குளோரின் பார்க்கும் சின்னக் குப்பிகள்,
நீளக் கைப்பிடி வைத்த கரண்டி, முத்திரை,
நேற்று மிஞ்சிய ரொட்டியில் பாதி.

சோயா ஏற்றி வந்த கப்பல்
தெற்கே நங்கூரத்தில் நிற்கிறது.
உச்சியில் மஞ்சள் கொடி.
நான் நலம், நம்புங்கள் என்று அதற்குப் பொருள்.
நம்புவதற்கு எனக்குச் சம்பளமில்லை.

கயிற்றேணி. எட்டு மீட்டர்.
கீழே பார்க்காதே என்பார்கள் ஏறும்போது.
கீழே பார்ப்பதுதான் என் வேலை:
அடுப்புக்குக் கீழே, மெத்தைக்குக் கீழே,
அரிசி மூட்டையை நகர்த்தச் சொல்லி
அதற்கும் கீழே.

கேப்டன் தெமூரி கைகுலுக்குகிறார்.
எழிலரசி என்றேன்.
மிஸ் எலி என்றார்.
ழகரம் கடலில் விழுந்துவிட்டது.
எலிப் புழுக்கை தேடி வந்தவள் நான்.
திருத்தவில்லை.

பழைய சான்றிதழுக்கு இன்னும் நான்கு நாள் உயிர்.
மேசையில் ஒரு சிகரெட் பெட்டி
என் பக்கமாகத்
தானே நகர்ந்தது போல நகர்ந்தது.
நான் பார்க்காதது போலப் பார்த்தேன்.
அது திரும்பிப் போய்விட்டது.

இறைச்சி அறை, மைனஸ் பதினெட்டு. சரி.
மாவுப் பீப்பாய், மூடி இறுக்கம். சரி.
மருந்துப் பெட்டியில்
காலாவதியான கண் சொட்டு மருந்து இரண்டு.
அடுப்படி மூலையில் கரப்பான் ஒன்று,
செத்து வெகுநாள்.
செத்ததற்குப் படிவத்தில் கட்டமில்லை.
சமையல்காரர் மூச்சு விட்டார்.

குழாய்த் தண்ணீரில் மாத்திரை போட்டுக் குலுக்க
மெல்ல இளஞ்சிவப்பு ஏறுகிறது.
இருபது வயதில் என்றால்
வெட்கம் என்று எழுதியிருப்பேன்.
இப்போது எழுதுவது: பூஜ்யம் புள்ளி மூன்று.

முடிந்தது என்று நினைத்த நேரத்தில்
புகைபோக்கிக்குப் பின்னால் பச்சையாக ஏதோ.
பெயிண்ட் டின்களில் ஏழு மிளகாய்ச் செடிகள்.
அடியில் ஏழு தட்டு, ஏழிலும் தண்ணீர்.
டார்ச்சைச் சாய்த்தேன்.
நான்கு தட்டில் கால்புள்ளிகள் நெளிகின்றன.
கால்புள்ளி என்றால் வாக்கியம் முடியவில்லை.
போன வருடம் எங்கள் பிளாக்கில் பதினோரு பேருக்கு டெங்கி.
ஒருவர் திரும்பி வரவில்லை,
நான்காம் மாடி மளிகைக்காரர்.

யாருடையது?
எஞ்சின் அறையிலிருந்து வந்தான் நயிங் லின்,
எண்ணெய் படிந்த கையைப் பின்னால் கட்டிக்கொண்டு.
அவன் தோளுக்கு அப்பால் ஜெரெஜாக் தீவு.
கப்பலில் வந்தவர்களை அங்கே இறக்கி
நோய் உண்டா என்று நாள் எண்ணிய காலம் ஒன்று.
எங்கள் ஆட்கள் இப்படித்தான்
கையைக் கட்டி நின்றிருப்பார்கள்.
எண்ணியவர் முகம் எப்படி இருந்ததோ தெரியாது.
என் முகத்தைக் கொஞ்சம் தளர்த்திக்கொண்டேன்.

தட்டுகளைச் சுடும் தளத்தில் கவிழ்த்தான்.
கால்புள்ளிகள் முற்றுப்புள்ளியாக
இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.
தட்டு வேண்டாம், மணல் போடு என்றேன்.
செடி? என்றான்.
செடி இருக்கட்டும்.

கேப்டன் கேட்டது விலக்குச் சான்றிதழ்.
நான் நிரப்பியது கட்டுப்பாட்டுச் சான்றிதழ்:
கண்டது லார்வா. நீக்கப்பட்டது, என் கண்முன்.
ஏழு தட்டுக்காகவா, மிஸ் எலி?
நான்கு, என்றேன்.
முத்திரை சற்றுக் கோணலாக விழுந்தது.
கப்பல் ஆடியது என்று சொல்லிக்கொள்ளலாம்.

ஏணியருகே நயிங் லின்
உள்ளங்கையில் மூன்று மிளகாய் நீட்டினான்.
கப்பலின் உணவுப்பொருள் எதுவும்
கரைக்கு இறங்கக் கூடாது.
விதியை எழுதித் துறைமுகத்தில் ஒட்டியவள் நான்.

ஒன்றை மட்டும் எடுத்து
அங்கேயே நின்று
பாதி ரொட்டியோடு கடித்துத் தின்றேன்.

எட்டு மீட்டரும் கண்ணீரோடு இறங்கினேன்.
ரம்லி பதறிவிட்டான்.
கப்பலில் என்ன, அக்கா?
வாய் திறக்க முடியவில்லை.
ஆறு விரல் காட்டினேன்:
ஆறு மாதம்.