உயிரில்ல

மூடியில் மூன்று மொழி.
சிங்களம் சரி. ஆங்கிலம் சரி.
தமிழில் மட்டும்
'உயிரில்ல நுண்ணங்கிகள் அடங்கியது'.
உகரம் இகரமாகி, ளகரம் லகரமாகி
யாரோ அச்சகத்தில் அவசரப்பட்டிருக்கிறார்.

சிரித்தேன். ஏன் என்றாள் இனோகா.
விளக்கினேன். அவள் சிரிக்கவில்லை.
"சரியாகவும் இருக்கலாம். எண்ணிப் பார்ப்போம்."

பொரளையில், மலர்ச்சாலைக்கு இரண்டு கதவு தள்ளி
எங்கள் ஆய்வுகூடம்.
அங்கே வெள்ளைக் கொடி கட்டும் நாட்களில்
எங்களுக்கு வாகனம் நிறுத்த இடம் கிடைக்காது.

வேலை இதுதான்:
ஒரு கிராம் யோகட், ஒன்பது பங்கு உப்புநீர்.
அதில் ஒரு பங்கு எடுத்து இன்னும் ஒன்பது பங்கில்.
அதிலும் ஒரு பங்கு.
ஆறு குழாய் தாண்டினால் கூட்டம் கலைந்து
ஒவ்வொன்றும் தனித்து நிற்கும் இடம் வரும்.
காலிமுகத்திடலின் ஞாயிறு மாலையை
விடியற்காலை நாலு மணியாக்குவது.
பிறகு காற்றில்லாத சாடி,
முப்பத்தேழு பாகை, மூன்று நாள்.
உயிரோடிருப்பது
வெள்ளைப் புள்ளியாகத் தலைகாட்டும்.
செத்தது ஒன்றும் சொல்லாது.

கோப்பை சொன்ன கணக்கு நூறு கோடி.
நான் கண்டது நாலு.
ஆறாவது தட்டில் இல்லை,
முதல் தட்டில், நாலு.
விளக்கைச் சாய்த்துப் பார்த்தேன்.
கண்ணாடியைத் துடைத்துவிட்டும் பார்த்தேன்.

எங்கே செத்திருக்கும்?
டீசல் மிச்சம் பிடிக்கக் குளிரூட்டியை நிறுத்திய லொறி
கடுகண்ணாவை வளைவில் இறங்கும்போதா,
பேலியகொடைக் களஞ்சியத்தில்
மின்சாரம் போய் வராத இரவிலா,
வெள்ளவத்தைக் கடைக்காரர் பத்து மணிக்கு
ஃபிரிஜ்ஜையும் சேர்த்து அணைத்துவிட்டுப் போகிறாரே, அங்கேயா?
சூட்டில் பெருகி, தின்ன ஒன்றுமில்லாமல்,
தங்கள் புளிப்பிலேயே தாங்கள் முடிந்தனவா?
இல்லை,
காய்ச்சிக் கொன்ற பிறகுதான்
மூடியே ஒட்டினார்களா?

அன்று மதியச் சாப்பாட்டுக்கு இனோகா
எருமைத் தயிர் முட்டி ஒன்று வாங்கி வந்திருந்தாள்.
பழைய பத்திரிகைத் தாள் மூடி, சணல் கயிறு,
கயிற்றிடுக்கில் ஒரு எறும்பு.
திகதி கிடையாது. வாக்குறுதி கிடையாது.
யாரும் கேட்காமலே ஒரு கரண்டியைத் தட்டுக்கு அனுப்பினோம்.
மீதிக்குப் பாணி ஊற்றினோம்.

மூன்றாம் நாள் ஆறாவது தட்டிலும் இடமில்லை.
கோட்டையிலிருந்து ஐந்தரைக்குப் புறப்படும் ரயில் போல
விளிம்புவரை தொங்கின.
படிவத்தில் இதற்கென்றே ஒரு கட்டம் உண்டு:
எண்ண முடியாதளவு.
அத்தனையும் நல்லவை என்று
சத்தியம் செய்ய மாட்டேன்.
ஆனால் உயிரோடு இருந்தன.

அறிக்கை அனுப்பினோம்.
அச்சுப்பிழையையும் அடியில் குறித்திருந்தேன்.
இரண்டு கிழமையில் பதில் வந்தது:
'தங்கள் அவதானத்துக்கு நன்றி.
பிழை திருத்தப்பட்டுள்ளது.'
கூடவே புதிய மாதிரி, பன்னிரண்டு கோப்பை.
உயிருள்ள.
ரு சரி, ள்ள சரி,
எழுத்துகூடக் கொஞ்சம் பெரிது.

தட்டில் இந்த முறை
நாலும் இல்லை.

பழைய மூடியைக் கழுவி
மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்தேன்.
பிழைவிட்ட அந்த ஆள் எங்கிருந்தாலும்
நன்றாக இருக்கட்டும்.

மிஞ்சிய கோப்பை ஒன்றைக் கொட்டாஞ்சேனைக்குக் கொண்டுபோய்
இளஞ்சூட்டுப் பாலில் ஒரு கரண்டி கலக்கி,
மூடி வைத்துவிட்டுப் படுத்தேன்.
இந்த ஊர் வெக்கைக்கு
ஐந்து மணித்தியாலம் போதும்.
காலையில் சாய்த்தேன்.
பால் பாலாகவே ஓடியது.

பஸ்ஸுக்கு நிற்கும்போது
இனோகாவுக்கு ஒரு செய்தி தட்டினேன்:
இன்றைக்கும் முட்டி வாங்கினால்
அடியைக் கழுவிப்போடாதே.
எனக்கு ஒரு கரண்டி வேண்டும்.