நிறுவைக் கூண்டு

பீடோர் செம்பனை ஆலையில் எனக்கு இரவு முறை.
குலையோடு லோரி மேடை ஏறும், எண் எழுதுவேன்.
கொட்டிவிட்டு வெறும் வண்டியாய் ஏறும், மறுபடி எண்.
நடுவில் கிடக்கிற நேரத்துக்கு
ஒரு சிடி பெட்டி, கீறல் விழுந்த மூன்று தட்டு.

பழைய சாமான் கடை லிம்
அட்டையில் இருந்த பெயரை எழுத்துக் கூட்டி
"சோப்பின்... சோப்பு கம்பெனியா?" என்றான்.
மூன்றும் சேர்த்து ஏழு ரிங்கிட்.
அன்று நான் தேடிப் போனது
மேசை விசிறிக்கு ஒரு மூடி.

பியானோவை நேரில் பார்த்ததில்லை.
அதனால் எனக்கு அது மரமும் கம்பியும் இல்லை,
ஓர் அறை.
முதல் தட்டின் அறை பெரியது, குளிர்ந்தது.
கடைசிச் சுரம் சுவரைத் தேடிப் போய்
சுவர் அகப்படாமல் அங்கேயே அணைகிறது.
இரண்டாவதில் ஜன்னலைச் சாத்தியிருக்கிறார்கள்.
வாசிக்கிறவரின் மூச்சு கேட்கிறது.
இரண்டாம் நிமிடத்தில் நாற்காலி ஒருமுறை முனகும்;
கை எங்கே இறங்கப் போகிறது என்று
அதற்கு முன்பே தெரியும்.
மூன்றாவது, சபையில் வாசித்தது.
நான் பிறக்க ஒன்பது வருடம் இருக்கும்போது
யாரோ ஒருவர் அதில் இருமுகிறார்.
வரும் இடம் எனக்கு மனப்பாடம்.
சில இரவுகளில் அவரை முந்திக்கொண்டு
நான் இருமிவிடுகிறேன்.

மூன்றிலும் ஒரே இரவுப்பண்.
தாளில் உள்ள புள்ளிகள் ஒன்றேதான்.
ஆனால் மெட்டு கீழே வருகிற அந்த இடத்தில்
ஒருவர் பேசாமல் இறங்கிவிடுகிறார்;
ஒருவர் கடைசிப் படியில் நின்று
கையில் இருப்பதை வைக்கலாமா என்று யோசிக்கிறார்.
மூன்றாமவரைப் பற்றி இன்னும் முடிவு செய்யவில்லை.
இடக்கை கடிகாரம்.
வலக்கை, சம்பள நாளில் வீடு திரும்புகிற ஆள்.
வந்து சேரும்,
தன் நேரத்துக்கு.

ஆலை பழுதாகி நின்ற ஒரு மழை இரவு.
வரிசையில் காத்திருந்த நோராஸ்மான்
பையில் கட்டிய தே தாரிக்கோடு
கூண்டுக்குள் ஒதுங்கினான்.
இரண்டு தட்டு ஓடி முடிகிறவரை பொறுத்திருந்து
"லாகு சாமா கா?" என்றான்.
சாமாதான் என்றேன்.
பிறகு எதற்கு இத்தனை தட்டு?

பதில் சொல்லத் தெரியவில்லை.
நாற்காலி முனகுவதை முதலில் போட்டேன்,
குளிர் அறையை அடுத்து.
கண்ணாடியில் வழியும் தண்ணீரைப் பார்த்தபடியே கேட்டான்.
உறிஞ்சுகுழல் காலிப் பையில் கொர்ரென்றது.
"முதல் ஆள் பாரத்தோடு மேடு ஏறுறான்.
ரெண்டாவது ஆள் கொட்டிட்டுத் திரும்புறான்.
ரோடு அதே ரோடு."

பதினோரு வருடமாக அந்த இரண்டு எண்ணையும்
ஒன்றின்கீழ் ஒன்றாய் எழுதிக் கழிக்கிறவள் நான்.
எனக்குத் தோன்றவில்லை.

தனக்கும் வேண்டும் என்றான்.
கைபேசியைப் பெட்டியருகே பிடித்து
பாரம் ஏறுகிறதையே பதிந்துகொண்டான்.
மூச்சை அடக்கி நின்றோம், களவு செய்கிறவர்களைப் போல.
மூன்றாம் நிமிடத்தில் ஆலை உயிர்பெற்றது.
அடுத்த லோரி மேடை ஏறி மணி அடித்தது.
"நொம்போர் பெராப்பா?" என்று நான் கத்தியதும்
அதில் இருக்கிறது, அடியில் முழுக்க மழையோடு.
திரும்பப் பதியலாம் என்றேன்.
போதும் என்று ஓடிவிட்டான், வரிசை நகர்ந்துவிட்டது.

துரியான் காலம் முடிந்தபிறகு ஒரு நாள்
மேடையில் வண்டியை நிறுத்தி, தலையை வெளியே நீட்டி,
ஈப்போவில் ஒரு ஆஸ்பத்திரி வரவேற்பறையில்
நம்ம லாகுவைக் கேட்டதாகச் சொன்னான்.
மாமியாருக்குக் கண் காட்டப் போன இடத்தில்.

எப்படி இருந்தது?

"வாசிப்பு நல்லாத்தான் இருந்துச்சு.
ஆனா அந்த இடத்துல மணி வரணும் இல்ல?
காத்துக்கிட்டே இருந்தேன்.
வரல."

பதினெட்டு டன் நானூற்று இருபது.
எழுதிவிட்டு
விளக்கைப் பச்சைக்கு மாற்றினேன்.