எக்கர்

விடியற்காலை நாலரை.
துறைமுகத்தின் வடக்குச் சுவரடியில்
இரண்டு மூட்டை மணலைக் கொட்டினோம், ஜபுலானியும் நானும்.
முந்தின நாளே குங்கும நிறத்தில் சாயமேற்றித்
தகரத்தட்டில் உலர்த்திய மணல்.
"உங்கள் கோயில் வேலை மாதிரி இருக்கிறதே கோகி."
நகராட்சி வேலை என்றேன். ரசீது இருக்கிறது.

டர்பனில் அலை நேராகக் கரையேறுவதில்லை.
தெற்கிலிருந்து சாய்ந்து ஏறும்,
இறங்கும்போது மட்டும் நேரே இறங்கும்.
ஏற்றம் கோணல், இறக்கம் செங்குத்து;
ரம்பத்தின் பல் பல்லாக
மணல் வடக்கே நடக்கிறது
ஒரு நாளும் திசை கேட்காமல்.

தெற்கே பிளஃப் மேடு,
எப்போதோ மணலாக இருந்து கல்லானது.
அலை அதன் கணுக்காலைக் கடிக்கிறது.
முதலில் ஒரு கீறல், கீறல் குடைந்து மாடம்,
மாடத்தின் கூரை
யாரும் பார்க்காத ஒரு நாளில் விழும்.
விழுந்ததை அரைத்து மறுபடி மணலாக்கி
வடக்கே அனுப்பும் கடல்.
நடுவில் நாம் கற்சுவர் நீட்டினோம், கப்பல்களுக்காக.
சுவருக்குத் தெற்கே கரை கொழுத்தது.
வடக்கே எலும்பு தெரிந்தது.
இப்போது உறிஞ்சிக் குழாயில் தள்ளுகிறோம்,
கடல் சும்மா செய்ததைக் காசு கொடுத்து.

இதே கரையில் ஒருகாலம் பலகைகள் நின்றன,
எந்த நிறம் எங்கே குளிக்கலாமென்று.
மணல் அவற்றின் காலடியில் புகுந்து
போய்க்கொண்டே இருந்தது.

நாற்பதாம் நாள், உம்கேனி ஆற்றுமுகம்.
ஊதா விளக்கின் கீழ் ஒரு வாளி மணலில்
நான்கு சிவப்புத் துகள்கள்.
இங்கே ஆறு நடை தளர்கிறது.
சுமை கூடியவனல்ல,
வேகம் குறைந்தவனே இறக்கி வைப்பான்.
அப்படி இறக்கியதும் கடல் ஒதுக்கியதும் சேர்ந்து
நாக்கு மாதிரி நீண்ட ஒரு திட்டு.

படிவத்தில் 'பரப்பு' என்றொரு கட்டம்.
ஏக்கருக்குத் தமிழில் வேறு சொல் உண்டா என்று
அகராதியில் தேடப்போய்,
சில பக்கம் முன்னாலேயே தடுக்கி
எக்கரில் விழுந்தேன்:
திரை கொண்டுவந்து இட்ட மணல்மேடு.
ஒரு கொம்புதான் வித்தியாசம் என்று நினைத்தேன்;
எழுதிப் பார்த்தால் அதுகூட இல்லை,
கீழே ஒரு சின்ன இழுப்பு.

இந்த ஆற்றோரம் மேலே
எங்கள் வீட்டாருக்கு இரண்டு ஏக்கர் கீரைப்பாத்தி இருந்தது.
ஒன்றை வெள்ளம் கொண்டுபோனது.
மற்றதைச் சட்டம் கொண்டுபோனது, முத்திரை குத்திய தாளில்.
வெள்ளம் கொண்டுபோனதில் ஒரு பிடியாவது
என் செருப்புக்கடியில் இருக்கும்.
அரிப்பு என்றால் எங்கோ படிவு உண்டு,
இதுதான் என் தொழிலின் முதல் பாடம்.
சட்டம் கொண்டுபோனது எங்கே படிந்தது?
எந்த விளக்கில் தேடுவது?

சத்தமாகவே கேட்டுவிட்டேன் போலிருக்கிறது.
"கண்டுபிடித்தால் எங்களுடையதையும் பார்" என்றான் ஜபுலானி,
அளவுகோலைச் சேற்றிலிருந்து பிடுங்கிக்கொண்டே.
"அது என்ன நிறம்?"
"யாரும் சாயம் போட்டு வைக்கவில்லையே."

தண்ணீர் ஏறத் தொடங்கியது.
கட்டத்தில் எழுதினேன்: நான்கு.