காது இருக்கும் இடம்

ஆறு பெட்டிகள்.
வரியில்லாச் சந்தையிலிருந்து
தெரிந்தவன் வேனில் ஏற்றிவந்தேன்.
விலையைக் கேட்ட ஒதிலியா ஒன்றும் சொல்லவில்லை.
கெட்டிலை அடுப்பில் கொஞ்சம் ஓங்கி வைத்தாள்.

முன்னால் மூன்று, பின்னால் இரண்டு,
மூலையில் உட்கார்ந்து உறும ஒன்று.
கையேட்டில் படம் போட்டிருந்தது:
ஒரு வட்டம், அதன் நடுவில்
ஒரு நாற்காலி, ஒரே ஒரு தலை.
தலைக்கு முகம் வரையவில்லை.

எங்கள் வீட்டில் வட்டம் வராது.
இடப் பின் ஸ்பீக்கர் காலணி அலமாரி மேல்,
வலப் பின் ஸ்பீக்கர் ஃப்ரிட்ஜின் தலையில்.
ஒயரைக் கம்பளத்துக்கு அடியில் விட்டேன்.
நாய் கண்டுபிடித்தது.
மறுபடி விட்டேன்.

முதல் நாள்
குண்டு வெடித்தால் ஜன்னல் அதிர்ந்தது,
ஆட்கள் பேசினால் உதடு மட்டும் தெரிந்தது.
'இதற்கா?' என்றாள்.
அது மட்டும் தெளிவாக,
நேர் நடுவிலிருந்து.

கடைக்காரன் யாக்சிச்சுக்குப் போன் போட்டேன்.
'மைக் ஒன்று கொடுத்தேனே, செருகினாயா?
உட்காரும் இடத்தில், காது உயரத்தில் வை.
ஓர் ஈ பறக்கக் கூடாது.
மீதியை அதுவே அளந்துகொள்ளும்.'

ஈ பறக்கவில்லை.
புன்ட்டா அரேனாஸில் நவம்பர் மாதம்
மற்ற எல்லாம் பறந்தது.
தகரக் கூரையைக் காற்று
இரு கையாலும் பிடித்து உலுக்கியது.
திரையில் ஒரே வரி:
இரைச்சல் அதிகம், மீண்டும் முயல்க.
முயன்றேன்.
யாரைப் பார்த்து 'உஷ்' என்பது?
மகெல்லன் நீரிணையில் அலை ஏறி
எங்கள் ஃபெரிக்கே மூன்று நாள் விடுமுறை.
அது துறையில் கட்டிக் கிடந்தது,
நான் சோபாவில், கையில் மைக்கோடு.

நான்காம் இரவு, மணி மூன்று இருக்கும்.
தோளைத் தட்டினாள்.
'கேள்.'
ஒன்றும் கேட்கவில்லையே என்றேன்.
'அதைத்தான் கேட்கச் சொல்கிறேன். எழுந்திரு.'

ஃப்ரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கினாள்.
சுவர்க் கடிகாரத்தைத் தலையணைக்கு அடியில் புதைத்தாள்.
நாயைத் தூக்கிக் காருக்குள் விட்டேன்.
மைக்கைச் சோபாவில், என் பக்கம் வைத்தேன்.
இருவரும் சமையலறை வாசலில்
வெறுங்காலோடு, மூச்சைப் பிடித்துக்கொண்டு.

ஊய்ங் என்று ஒன்று இடப் பக்கம் கிளம்பி
நடுவுக்கு வந்து, வலம் போய்,
காலணி அலமாரிக்குத் தாவி,
பிறகு எங்கள் தோளை உரசி ஃப்ரிட்ஜில் ஏறியது.
அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.
பார்த்தது அவள் கால் விரல்களை.
குளிரில் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தன.

திரை கேட்டது:
இன்னோர் இருக்கை உண்டா?

யாரோ கல்யாணமானவன் எழுதிய கேள்வி.
ஒதிலியா என்னைப் பார்க்காமல் போய்
மைக்கை எடுத்து,
பின்னல் கூடைக்குப் பக்கத்தில் இருந்த
தன் நாற்காலியின் முதுகில்
கம்பளி உருண்டை ஒன்றைச் செருகி
அதன்மேல் நிறுத்தினாள்.
மறுபடி மூச்சைப் பிடித்தோம்.

கணக்கு வந்தது.
இடப் பின்: ஒன்று நாற்பது மீட்டர்.
வலப் பின்: மூன்று பத்து.
பக்கத்தில் இருப்பது கொஞ்சம் பொறுக்க வேண்டும்,
தூரத்தில் இருப்பது வந்து சேரும்வரை.
எத்தனை மில்லி வினாடி என்பதுவரை
தனித்தனியே எழுதியிருந்தது.
பதினெட்டு வருடமாக
நாங்கள் குத்துமதிப்பாகச் செய்துவந்தது.

மறுநாள் காற்று வேலைக்குத் திரும்பிவிட்டது.
படத்தில் ஒரு கப்பல்
திரையின் இட ஓரமாக விலகிப் போனது.
அதன் எஞ்சினோ
ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் போய் மறைந்தது.
ஊசியை நிறுத்தாமல் சொன்னாள்:
'உன் கப்பல் திசை தப்பிப் போகிறது.'

பின்னிரண்டு ஒயரும் இடம் மாறியிருந்தன.
மாற்றிவிடலாம், ஐந்து நிமிடம்,
ஆனால் மறுபடி அளக்க வேண்டும் என்றேன்.
கூரையை ஒருமுறை அண்ணாந்து பார்த்தாள்.
'அடுத்த தடவை காற்று நிற்கும்போது.'

அதுவரை எங்கள் வீட்டில்
எல்லாக் கப்பலும்
தப்பான பக்கமாகவே துறை சேர்கின்றன.